கயிற்றுக்குள் கயிறு நுழைக்கும் அண்ணன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தது. எழுத்தாளர்கள் பொதுவாக இப்படிச் சொல்ல மாட்டார்கள். கேட்டால், கனவில் ஒரு வரி கேட்டது என்பார்கள், ரயில் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது என்பார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை, யாரும் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கப் போனேன், மேசை முழுக்கக் கயிறு கிடந்தது, அவ்வளவுதான்.

கயிற்றின் மறுமுனையில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். அண்ணியைப் பிரிந்து, "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று என் வீட்டுக்கு வந்தவன். நாலு வருஷமாகியும் அந்த வாரம் இன்னும் முடியவில்லை. கையில் இரண்டாக மடக்கிய மெல்லிய கம்பி ஒன்றை வைத்திருந்தான். அந்தக் கம்பியால் கயிற்றின் நுனியைக் கவ்வி, அதே கயிற்றின் வயிற்றுக்குள் நுழைத்து, ஒரு சாண் தள்ளி வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே நின்றது.

"என்ன பண்ற?"

"ரிட்ஜ்லைன்."

"தட்டை எங்க வைக்கிறது?"

"மடியில வச்சுக்கோயேன்."

மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்ட ஆத்திரத்தில் பிறந்தது இந்தக் கதை. இதைவிட உயர்ந்த நோக்கம் எதையும் வாசகர் இதில் தேட வேண்டாம்.

[எண் போட்டு எழுதுவதைப் பற்றி: எண் போட்டால் நவீனம் என்று நினைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. நான் எண் போடுவது எனக்கு இணைப்பு வாக்கியங்கள் எழுத வராததால்.]

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "மழை விட்டிருந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே அவன் தன் தனிமையைக் கட்டித் தொங்கவிட்டு—"

போதும். கதை தொடங்கும்போதெல்லாம் நம் மொழியில் மழை விட்டுவிடுகிறது. கதாசிரியர் பேனாவைத் திறந்ததும் மேகத்துக்கு யாரோ போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது. தவிர, என் அண்ணன் எந்த மரத்திலும் இன்னும் எதையும் கட்டவில்லை. என் வீட்டுக் கூடத்தில்தான் கட்டியிருக்கிறான். எதிரெதிர்த் தூண்களில் துளை போட்டு, லிஃப்டுக்குப் போடுகிற மாதிரி தூணுக்கொரு இரும்பு வளையத்தை முடுக்கியிருக்கிறான். புத்தக அலமாரி இப்போது குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இரண்டாவது: "மனிதன் ஏன் தொங்க விரும்புகிறான்?"

கேள்வியில் தொடங்கினால் தானாக ஆழம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தத் தொடக்கத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாவது: "அப்பாவும் மகளும் நாளை ஒரு ராத்திரி காட்டில் தங்கப் போகிறார்கள்."

இதில் அலங்காரம் ஒன்றுமில்லை. பொய்யும் இல்லை. அதனாலேயே இதைக் கிழித்துப் போட்டேன், பிறகு குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து ஒட்டினேன். விஷயம் இதுதான். அண்ணன் மகளுக்குப் பதினாறு வயது. மாதத்துக்கு ஒரு முறை ஓர் உணவகத்தில் அப்பனும் மகளும் சந்திப்பார்கள். போன முறை இவன் வாயைத் திறந்து, "ஒரு நாள் காட்டுக்குப் போய்த் தங்கலாமா" என்று கேட்டிருக்கிறான். அவள் கண்ணாடி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே யோசித்துவிட்டு, "ஒரு ராத்திரி வரேன். பிடிக்கலைன்னா அதோட விட்டுடணும். அப்புறம் இந்த ஓட்டலும் வேணாம்" என்றாளாம்.

அதாவது, ஒரு ராத்திரி அந்தப் பெண் நன்றாகத் தூங்கினால் இவனுக்கு மகள் உண்டு. தூங்காவிட்டால் இல்லை. இப்படிப்பட்ட நிலைமையில் உள்ள ஒரு மனிதன் என்ன செய்வான்? மகளிடம் பேசுவான் என்று நினைக்கிறீர்கள். என் அண்ணன் கயிறு வாங்கினான்.

3

(இந்தப் பகுதி விளக்கம். விளக்கம் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். போய், பிறகு புரியவில்லை என்று எனக்குக் கடிதம் போட வேண்டாம்.)

தொங்கு படுக்கை என்பது பெரியவர்கள் படுக்கும் தூளி. நீளமான துணி. இரண்டு முனைகளையும் சுருக்கிக் கட்டியிருப்பார்கள். முனைக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு மரம். நல்ல மெத்தையும் கூரையும் உள்ளவர்கள் விடுமுறை போட்டுக்கொண்டு போய், கொசுவுக்கு நடுவில் இதில் படுத்து, "இயற்கையோடு இருந்தோம்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். இயற்கையை யாரும் கேட்கவில்லை.

சிக்கல் என்னவென்றால் மரங்கள் நம் வசதிக்கு முளைப்பதில்லை. ஓரிடத்தில் நெருங்கி நிற்கும், ஓரிடத்தில் விலகி நிற்கும். நெருங்கிய மரத்தில் கட்டினால் துணி பள்ளமாகத் தொய்ந்து ஆள் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்க வேண்டும். விலகிய மரத்தில் இழுத்துக் கட்டினால் துணி விறைத்து, இரண்டு ஓரமும் தோளை நெருக்கும். இதற்குத்தான் முகட்டுக்கயிறு. அண்ணன் வாயில் ரிட்ஜ்லைன். படுக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, படுத்திருப்பவர் முகத்துக்கு மேலே, வீட்டு முகடு மாதிரி நேராக ஓடும் ஒரு கயிறு. அதன் நீளம் மாறாத வரை துணியின் தொய்வும் மாறாது. மரம் எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளட்டும்.

அந்த நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்காகவே இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அண்ணன் அதில் உறுப்பினன். அங்கே ஒரு மூத்தவர் உண்டு, எல்லாரும் அவரை எண்பத்துமூன்று என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை நீளத்தில் நூற்றுக்கு எண்பத்துமூன்று பங்கு கயிறு என்பது அவர் கட்சி. யார் என்ன கேட்டாலும் அதையே சொல்வார். முதுகு வலிக்கிறது என்றால் எண்பத்துமூன்று. குளிர்கிறது என்றால் எண்பத்துமூன்று. ஒருவர் தன் மனைவி இறந்துவிட்டதாக எழுதியபோது மட்டும் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துவிட்டு, அதற்குக் கீழே, புதிய கயிறு வாங்கினால் அளவை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார்.

என் அண்ணன் எண்பத்துமூன்றை மதிப்பவன். ஆனால் அவன் செய்தது நிலையான அளவுள்ள கயிறு இல்லை. கூட்டிக் குறைக்கக்கூடியது. இதற்கு உள்ளே வெற்றாகப் பின்னிய கயிறு வேண்டும், மேலே பின்னல், நடுவில் ஒன்றுமில்லை. (இங்கே ஓர் எழுத்தாளரைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன்.) ஒரு முனையில் ஒரு கண்ணியை நிரந்தரமாகப் போட்டுத் தைத்துவிட வேண்டும். மறுமுனையைக் கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே நுழைத்து வெளியே எடுத்து வாலாக விட வேண்டும். பாரம் ஏறினால் வெளிக்கயிறு இறுகி உள்கயிற்றைக் கவ்விக்கொள்ளும், நகராது. பாரம் இறங்கியதும் பின்னலைப் பிடித்து நெகிழ்த்தினால் வால் நழுவும், வேண்டிய நீளத்துக்கு இழுத்துக்கொள்ளலாம்.

சொல்லிமுடித்ததும்தான் எனக்கே தெரிகிறது, இதை நான் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வெறுப்போடு கற்றது மறப்பதில்லை.

4

இந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை என்று ஒரு தோழி சொன்னாள். முதல் மூன்று பகுதிகளைப் படித்தவள் அவள் ஒருத்திதான். "இவ்வளவு சாதுவான ஆளை ஏன் பெண்டாட்டி விட்டாள்? ஒரு கெட்ட குணம் கொடு" என்றாள்.

கெட்ட குணம் கொடுத்துப் பார்த்தேன். குடிகாரனாக்கினேன், ஒரு பக்கம் ஓடியது, அப்புறம் அவன் குடித்துவிட்டும் கயிறு முறுக்கினான். வேறொரு பெண்ணோடு தொடர்பு வைத்தேன். அந்தப் பெண்ணிடமும் இவன் லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பற்றியே பேசினான், அவள் என் கதையை விட்டே போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

உண்மையில் அவனிடம் உள்ள குறை கதைக்கு உதவாத குறை. கேட்க மாட்டான். எதையும் யாரிடமும் கேட்க மாட்டான். அண்ணி முகம் ஒரு வாரம் வாடியிருந்தால் என்னவென்று கேட்க மாட்டான், கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவான். அவள் அழுதால் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வான். அந்த வீட்டில் எல்லாமே ஓசையில்லாமல் திறந்தது, மூடியது. ஒருநாள் அண்ணியும் ஓசையில்லாமல் மூடிக்கொண்டாள். [இந்த வரியை எழுதிவிட்டு நானே மெச்சிக்கொண்டேன். அண்ணி படித்தால் என்ன சொல்வாள் தெரியுமா? "ஓசையில்லாமலா? கத்து கத்துன்னு கத்தினேன், உங்க அண்ணன் காதுல விழல" என்பாள். அவள் சொல்வதுதான் சரி. வரி நன்றாக இருப்பதால் விட்டுவைக்கிறேன். எழுத்தாளர்களை நம்பாதீர்கள்.]

5

ஒரு மாலை வேலையிலிருந்து வந்தவன் கையைக்கூடக் கழுவாமல் கூடத்தில் நின்றான்.

"ஏய், இதுல கொஞ்சம் படேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"ரெண்டு நிமிஷம். அவ உன் அளவுதானே இருப்பா. உனக்குச் சரியா வந்தா அவளுக்கும் வரும்."

படுத்தேன். ஏன் படுத்தேன் என்று கேட்காதீர்கள், கதைக்குத் தேவையாக இருந்தது.

"நேராப் படுக்காத. கோணலாப் படு. தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். ஆங். அப்பத்தான் முதுகு நிமிரும்."

கோணலாகப் படுத்ததும் முதுகு நிமிர்ந்தது. இதை ஒப்புக்கொள்வது எனக்குக் கஷ்டம்தான். முகத்துக்கு மேலே அவனுடைய கயிறு ஓடியது. அவன் இரண்டு விரலால் அதைப் பிடித்து அமுக்கிப் பார்த்தான். லேசாக வளைந்தது.

"இது கம்பி மாதிரி விறைச்சு நின்னா தப்பு. இப்படி வளையணும். இப்ப எப்படி இருக்கு?"

"ஆடுசதையில துணி இடிக்குது."

இறங்கச் சொன்னான், பின்னலை நெகிழ்த்தி வாலை நாலு விரல்கடை இழுத்தான், மறுபடி ஏறச் சொன்னான்.

"இப்ப?"

"கழுத்து."

மறுபடி இறங்கினேன். மறுபடி ஏறினேன். லிஃப்டில்கூட நான் ஒரே நாளில் இத்தனை தடவை ஏறி இறங்கியதில்லை. கடைசியில் எங்கும் எதுவும் இடிக்காத ஓர் இடம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது, கூடவே பிடித்தும் இருந்தது. இரண்டாவதை எழுதாமல் விட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கயிறு நழுவ வேண்டிய இடத்தில் சிவப்பு நூலால் நெருக்கமாகப் பத்துப் பதினைந்து தையல். அழகான தையல். அதன்மேல் குறுக்காகச் சிவப்பு மையால் ஒரு கோடு.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டவும் குறைக்கவும் என்று வாரக்கணக்காக மேசையை அடைத்துக்கொண்டு ஒரு கயிறு செய்தவன், அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி தைத்துப் பூட்டிவிட்டான். இந்தத் தவறை இந்த உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. லிஃப்டில் ஓர் அளவைச் சரிசெய்தால் உடனே பூட்டு மரையை, அதாவது லாக் நட்டை, முடுக்கி, மரைக்கும் தண்டுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். கோடு விலகினால் மரை அசைந்திருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷமாக அதைச் செய்த கை, கயிற்றையும் விடவில்லை.

அதைப் படம் பிடித்துக் குழுவில் வேறு போட்டிருந்தான். எண்பத்துமூன்று உடனே பதில் எழுதியிருந்தார்: "தம்பி, தையல் பிரமாதம். ஆனா இதுக்கு நேரா ஒரு கயித்தை வெட்டி ரெண்டு முனையிலயும் முடிச்சுப் போட்டிருக்கலாமே?" அதற்குக் கீழே நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். நாற்பத்தொன்றாவது ஆளாகச் சிரித்தது நான். அவன் குழுவில் நானும் வேறு பெயரில் உறுப்பினர் என்பது அவனுக்குத் தெரியாது.

6

(ஆறாம் பகுதியில் காட்டைப் பற்றி நீண்ட வர்ணனை இருந்தது. நான் காட்டுக்குப் போனதில்லை. நீக்கிவிட்டேன்.)

7

அன்று மாலை அவன் ஒரு ஊசியால் அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் எதிரே உட்கார்ந்து, எழுதுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

"பிரிக்காதேண்ணா. அழகாத்தானே இருக்கு."

"கிண்டல் பண்ணாத."

"சரி, ஒண்ணு கேக்கறேன். அவ என் அளவுன்னு யார் சொன்னா?"

"பார்த்தாத் தெரியாதா? மாசாமாசம் பார்க்கறேனே."

"எங்க பார்க்கற?"

"ஓட்டல்லதான்."

"நீ எப்பப் போவ?"

"நான் முன்னாடியே போய் உட்கார்ந்துடுவேன். இடம் பிடிக்கணும்ல."

"அவ கிளம்பும்போது?"

"நான் பில்லு குடுத்துட்டு வர லேட் ஆகும். அவ அதுக்குள்ள போயிடுவா. டியூஷன் இருக்குல்ல." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். ஊசி நூலுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

பிரிந்து வந்த இத்தனை வருஷத்தில் இவன் தன் மகளை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்திருக்கிறான். எதிரெதிரே, மேசைக்கு மேலே தெரிகிற பாதி மகளை. அவள் பள்ளிக்கூடம் என் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. மழை வந்தால் குடை கேட்க என்னிடம் வருவாள். நின்றுகொண்டு பேசுவாள்.

"என் அளவு இல்லண்ணா. உன்னையே தாண்டிட்டா."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான். வலது கையை உச்சந்தலைமேல் தட்டையாக வைத்தான். பிறகு அந்தக் கையை மெதுவாக ஒரு விரல்கடை உயர்த்தி, காற்றில் அப்படியே நிறுத்திப் பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை. இந்தக் காட்சியை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

"அதான் அட்ஜஸ்டபிளாப் பண்ணது" என்றான் கடைசியில். "தெரியலைன்னாலும் அங்க போய்ச் சரி பண்ணிக்கலாம்ல."

"உயரத்தை விடு. அவ எப்படிப் படுப்பா?"

"எப்படின்னா?"

"மல்லாந்தா, ஒருக்களிச்சா, குப்புறவா?"

கயிற்றைப் பற்றித் தெரிந்துகொண்டபோது இதையும் சேர்த்தே தெரிந்துகொண்டேன். மல்லாந்து படுப்பவருக்கு ஒரு நீளம். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். குப்புறப் படுப்பவருக்கு எந்த நீளமும் உதவாது. துணி கீழ்நோக்கித் தொய்யும், அதற்கேற்ப முதுகு பின்பக்கமாக வளையாது. குப்புறப் படுக்கிற ஆள் தொங்கு படுக்கையில் தூங்கவே முடியாது, எண்பத்துமூன்றே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"தெரியாது" என்றான்.

"அண்ணிக்கு ஒரு போனைப் போட்டுக் கேளு. மூணே வார்த்தை. அதுக்கு முப்பதடி கயிறு வாங்கினியா?"

"அவ என்ன நினைப்பா? பெத்த பொண்ணு எப்படித் தூங்குவான்னுகூடத் தெரியாதான்னு நினைக்க மாட்டா?"

"தெரியாதே."

"குப்புறன்னு சொல்லிட்டா?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு இந்த மனிதன் புரிந்தான். இவ்வளவு நாளும் கயிறு முறுக்கியது கேட்காமல் இருப்பதற்காக. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் குப்புறவாக இருந்தால் கயிறும் இல்லை, காடும் இல்லை, ஓட்டலும் இல்லை. கேட்காத வரை எல்லாவற்றையும் கூட்டலாம், குறைக்கலாம். இவனை நான் எவ்வளவு ஏளனம் செய்தாலும் தகும். ஏளனம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், அவள் எப்படித் தூங்குவாள் என்று எனக்கும் தெரியாது. குடை கொடுக்கிற அத்தைக்கு அது எப்படித் தெரியும்?

8

முடிவுகள். வாசகர் இதற்குத்தானே இவ்வளவு தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

முடிவு ஒன்று. அவள் படுக்கிறாள். அப்பன் கயிற்றை ஒரு விரல்கடை இழுக்கிறான். மரக்கிளைகளுக்கு நடுவே நிலா. "அப்பா, ரொம்ப நல்லாயிருக்குப்பா" என்கிறாள், கண்ணோரம் ஒரு துளி— இல்லை. மெத்தை விளம்பரத்துக்கு எழுதினால் காசாவது கிடைக்கும். நிலாவைக் கொண்டுவந்தால்தான் அப்பனும் மகளும் பேசுவார்கள் என்று யார் சட்டம் போட்டது?

முடிவு இரண்டு. கயிறு நழுவுகிறது. அவள் பொத்தென்று விழுகிறாள். ஒரு நொடி மௌனம். பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள், விழுந்ததில் எல்லாப் பிணக்கும் உடைந்து போகிறது. இது முந்தையதைவிட மோசம். அவன் கயிறு நழுவாது. அவன் வாழ்நாளில் பூட்டிய எதுவும் நழுவியதில்லை, அதுதான் அவனுடைய தொல்லையே.

முடிவு மூன்று. அவள் வரவே இல்லை. காலையில் ஒரு குறுஞ்செய்தி. அவன் கூடத்தில் படுக்கையைத் தானே கட்டி, தானே படுத்து, கோணலாக— நிறுத்து. இப்படி முடித்தால் விமர்சகர்கள் இரண்டு பேர் பாராட்டுவார்கள். துக்கத்தில் முடித்தால் இலக்கியம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

முடிவு நான்கு. அவள் குப்புறப்

9

மேலே உள்ள வாக்கியம் அங்கேயே நிற்கிறது, ஏனென்றால் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்து தாள்களைப் படித்துக்கொண்டிருந்தான். வேலை உடுப்பு, விரலில் கிரீஸ். முதல் பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பேன். அவன் ஐந்தாம் பகுதியில் இருந்தான்.

"அந்தக் குழுவுல நீயும் இருக்கியா?"

"இருக்கேன்."

"சிரிச்சது நீயா?"

"ஆமா."

தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து படித்தான். லிஃப்ட் கையேட்டைப் படிப்பதுபோல் ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தான். ஏழாம் பகுதி வந்ததும் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது. நான் பாலை ஆற்றிக்கொண்டிருந்தேன், ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"கதைக்காகக் கொஞ்சம் கூட்டியிருக்கேன்."

"இல்ல. கூட்டல" என்றான். தாள்களை அடுக்கி, மேசையில் தட்டி ஓரங்களைச் சமன் செய்தான். "இது எப்படி முடியப்போகுது?"

"இன்னும் முடிவு பண்ணல."

"அவ மறுபடி வர்ற மாதிரி முடிச்சிடேன்."

நான் பேனாவை எடுத்து அவனுக்கு முன்னால் நீட்டினேன். "ஒரே வரி. 'அடுத்த மாதமும் அவள் வந்தாள்.' எழுதிடலாம். எழுதவா?"

பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதினா வருவாளா?"

"எழுதினா எப்படி வருவா?"

"அப்புறம் எதுக்கு எழுதற?"

குத்தலாகக் கேட்கவில்லை. இந்த மோட்டார் எதற்கு ஓடுகிறது என்று கேட்பதுபோல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். இதற்கு என்னிடம் பதில் உண்டு. கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், ஒரு முறை முக்கால் மணி நேரம் விடாமல் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. மூன்று வார்த்தை கேட்க முடியாமல் அவன் கயிறு முறுக்குகிறான் என்று நானும் ஒன்பது பகுதி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் என் அலுவலகத்துக்கு வந்து நின்ற எந்த மழைநாளிலும் நானும் கேட்கவில்லை.

அவன் எழுந்து கையைத் துடைத்தான். போனை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான், ஆனால் அது முழுக்க மூடவில்லை. என் வீட்டில் அந்த ஒரு கதவை மட்டும் அவன் இன்னும் சரிசெய்யவில்லை.

"நான்தான்... இல்ல, நாளைக்கு வர்றதுல மாத்தம் எதுவுமில்ல... ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காத." பால்கனிக் கம்பியை நகத்தால் சுரண்டினான். "பாப்பா எப்படித் தூங்குவா?"

அந்தப் பக்கம் அண்ணி என்ன சொன்னாளோ தெரியாது. சிரித்தாளா, திட்டினாளா, அழுதாளா? நான் எழுதினால் மூன்றையும் எழுதுவேன். அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "ம்" என்றான். மறுபடி "ம்" என்றான். பிறகு, "இல்ல, அவகிட்ட எதுக்கு, நீயே சொல்லேன்" என்றான் அவசரமாக. அவன் நிமிர்ந்து நின்றதிலிருந்து, போன் கைமாறிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"என்னம்மா... சாப்பிட்டியா?... ஒண்ணுமில்ல, நாளைக்குப் படுக்கை கட்டணும்ல, அதுக்குத்தான். நீ எப்படிம்மா படுப்ப? மல்லாந்தா?"

இடைவெளி.

"ஒருக்களிச்சா?"

கீழே தெருவில் ஒரு பைக் போனது. அவன் மற்றொரு கையால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல, குப்புறவா?"

கேட்டுவிட்டான். மூன்றாவதையும் கேட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேசாமல் நிற்கிறான். அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல்லில் முடிகிற பதில் இல்லை போலிருக்கிறது. நான் இதை எழுதுகிற இந்த நேரம்வரை அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

கதவிடுக்கில் போய் நின்றால் எனக்குக் கேட்கும். போக மாட்டேன். நாலாவது முடிவை எழுதி முடிக்கவும் மாட்டேன்.

முடிவு இல்லாமல் கதையா என்று வாசகர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. முடிவைத் தாராளமாக நீங்களே எழுதிக்கொள்ளலாம், ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் வீட்டில் அடுத்த அறையில் படுப்பவர் மல்லாந்து படுப்பாரா, ஒருக்களித்தா, குப்புறவா? தெரிந்தவர்கள் பேனாவை எடுங்கள். தெரியாதவர்கள் இங்கே என்னிடம் எதற்காக வந்து நிற்கிறீர்கள்? எழுந்து போய்க் கேளுங்கள்.